வாங்குவதற்கு ஓர் ஆள்

பெர்னடெட்டுக்கு அந்தப் பங்கில் பிடித்ததே அதை யாரும் சீந்தாததுதான். நிறுவனத்தின் பெயர் சினார் துலாங். பழைய ஈயச் சுரங்க நிலம் ஒன்றில் கட்டிய தொழிற்சாலையில் பிளாஸ்டிக் குழாய்களும் தண்ணீர்த் தொட்டிகளும் செய்தார்கள். பங்குச் சந்தையில் பதிவான நிறுவனம்தான், ஆனாலும் சில நாள்களில் அதன் பங்கு ஒன்றுகூடக் கைமாறாது.

ஈப்போவில் ஒரு டயர் மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள் அவள். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது கைப்பேசியில் பங்கு வாங்கி விற்கப் பழகினாள். அப்போது ஊரே கையுறைக் கம்பெனிப் பங்குகளின் பின்னால் ஓடியது. புந்தோங்கில் அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர்கூடக் காரை அடகு வைத்து வாங்கினார், பிறகு காரும் இல்லாமல் பங்கும் இல்லாமல் நின்றார். பெர்னடெட் ஓடவில்லை. அவள் உட்கார்ந்து படித்தாள்.

படித்ததில் ஒன்று அவள் மனதில் நன்றாகப் பதிந்தது. நினைத்தபோது விற்க முடிகிற பொருளுக்கு எல்லோரும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். நினைத்தபோது விற்க முடியாத பொருள் மலிவாகக் கிடைக்கிறது. அவசரமில்லாதவர்கள் இரண்டாவதை வாங்கிவிட்டுக் காத்திருந்தால், அந்த மலிவே அவர்கள் காத்திருந்ததற்கான கூலி. தனக்கு அவசரம் ஒன்றுமில்லை என்று அவள் நினைத்தாள். கணவர் பாஸ்கல் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே மகள் மெலிண்டா ஜொகூரில் வேலையில் இருந்தாள். வீடு சொந்த வீடு. அதனால் சேமிப்பில் ஒரு பகுதியைப் பெரிய வங்கி ஒன்றின் பங்கிலும், மீதியை நாலு வருடமாகச் சிறுகச் சிறுக சினார் துலாங்கிலும் போட்டாள். அது வங்கியைவிட நல்ல ஈவுத்தொகை கொடுத்தது. விலையும் ஏறி இறங்கி ஆட்டம் காட்டாமல் ஒரே இடத்தில் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனம் அமைதியாக இருக்கும்.

இதையெல்லாம் அவள் தன் தம்பி திமோத்தியிடம் சொல்வதுண்டு. அவன் சுங்கை சிப்புட்டில் மனைவி புனிதாவோடு இருந்தான். அக்காவும் தம்பியும் பிறந்தது அங்கே பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, செம்பனையும் போய் வீட்டு மனைகளானபோது குடும்பம் வெளியே வந்தது. பெர்னடெட் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் வரை படித்து ஈப்போவுக்கு வேலைக்குப் போனாள். திமோத்தி பாதியில் நிறுத்திவிட்டு லோரியில் ஏறினான். மணல், பலகை, செம்பனைக் குலை என்று முப்பது வருடமாக அடுத்தவர் லோரியை ஓட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் மூளை உள்ளவள் அக்காதான் என்பது அவனுடைய உறுதியான எண்ணம்.

ஐம்பத்தைந்து வயதாகிச் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அவன் நேரே அக்கா வீட்டுக்குத்தான் வந்தான்.

"போஸ் ஒரு லோரிய பெர்மிட்டோட குடுத்திர்றேன்னு சொல்றாருக்கா," என்றான். அவன் முதலாளி விக்னேஸ்வரனைத்தான் போஸ் என்பான். "வருசக் கடைசி வரைக்கும் எனக்காக வச்சிருப்பாராம். கொஞ்சம் கொறையுது. நானும் உங்க மாதிரி பங்குல போட்டா?"

"லோரிக்குன்னு வச்ச காச எதுலயும் போடாதே," என்றாள் பெர்னடெட். "பேங்க்லயே இருக்கட்டும். பங்குங்கிறது நமக்கு இப்போதைக்குத் தேவைப்படாத காசுக்கு."

"அப்ப நீங்க மட்டும்?"

"எனக்கு அவசரமில்ல தம்பி. அதான் வித்தியாசம். அவசரக்காரன் கொறச்சு விப்பான், பொறுமைக்காரன் அத எடுத்துக்குவான். மார்க்கெட்டுன்னா அவ்வளவுதான்."

அவன் தலையாட்டினான். இருந்தாலும் கைப்பேசியில் கணக்குத் திறப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனான். அவளும் சொல்லிக் கொடுத்தாள், அதில் தப்பாக ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் பாஸ்கல் வேனைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு, இறங்க முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு ஓர் ஆசிரியை வந்து பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு என்றார்கள். திறந்து அறுவை செய்ய வேண்டும். அரசாங்கப் பக்கம் தேதி பல மாதம் தள்ளித்தான் கிடைத்தது. அதுவரை தாங்குமா என்று பெர்னடெட் கேட்டபோது மருத்துவர் நேராகப் பதில் சொல்லாமல், "முடிந்தால் தள்ளிப்போடாதீர்கள்," என்றார். தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள்.

அன்று மத்தியானமே அவள் வங்கிப் பங்குகளை விற்றாள். விற்பதற்கான பொத்தானை அழுத்திவிட்டு விரலை எடுப்பதற்குள் அவை விற்றுப்போயிருந்தன. யார் வாங்கினார்கள் என்று நினைக்கக்கூட நேரமில்லை. மெலிண்டா தன்னால் முடிந்ததை அனுப்பினாள். அப்படியும் போதவில்லை. மிச்சமிருந்தது சினார் துலாங்.

அதைத் திறந்து பார்த்தபோதுதான் பெர்னடெட் முதல்முறையாக அந்தத் திரையை ஒரு விற்பவளாகப் பார்த்தாள். ஒரு பக்கம் விற்க விரும்புகிறவர்களின் விலை. மறுபக்கம் வாங்க விரும்புகிறவர்களின் விலை. வாங்குகிறவர்கள் பக்கத்தில் யாரோ ஒருவர், அவள் நினைத்த விலைக்கு வெகு கீழே, நூறு பங்குக்குக் கேட்டிருந்தார். அதற்குக் கீழே வெறுமையாக இருந்தது.

பங்குத் தரகர் சுகுமாரனைக் கூப்பிட்டாள். கைப்பேசியிலேயே எல்லாம் நடக்கிற காலத்திலும் அவள் ஏதாவது சந்தேகம் என்றால் அவனைத்தான் கேட்பாள்.

"என்ன சுகு, நேத்துகூட ஒரு பங்கு தொண்ணூத்தி ஒரு சென்னு காட்டுச்சு."

"அது கடைசியா கைமாறின வெலக்கா. யாரோ பத்து நாளைக்கு முந்தி வாங்கியிருப்பான். நீங்க இப்ப விக்கணும்னா அந்த வெலைக்கு ஆள் இருக்கணும்லா."

"நாலு வருசமா அசையாம இருந்துச்சே?"

"ஆளே இல்லாத எடத்துல எது அசையும்? நீங்க கொஞ்சம் கொஞ்சமா எறக்கிப் போட்டுப் பாருங்க. அவசரமாக்கா?"

"கொஞ்சம்," என்றாள். கணவருக்கு உடம்பு சரியில்லை என்று அவனிடம் சொல்லவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மெலிண்டாவையும் வெளியே சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். திமோத்திக்குத் தெரிந்தால் அவன் லோரிக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வந்து நிற்பான் என்று அவளுக்குத் தெரியும். அவன் கல்யாணத்துக்கு, அவன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு, அவன் வேலையில்லாமல் இருந்த வருடத்துக்கு எல்லாம் கொடுத்தவள் அவள். வாங்கிப் பழக்கமில்லை. அதைத் தம்பி மேலுள்ள அக்கறை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள், பாதி உண்மையும்கூட.

அந்த நாள்களில் ஒரு காலை, நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கறிக்கை சற்றுத் தாமதமாகும் என்று ஒரு சிறிய அறிவிப்பு அவள் கைப்பேசிக்கு வந்தது. பாஸ்கலை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் அவசரத்தில் படித்தாள். வேறு நேரமாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியிருப்பாள். அன்று படித்ததோடு சரி.

விலையை எண்பத்தெட்டு சென்னுக்கு இறக்கினாள். எண்பத்தைந்து. எண்பது. ஒவ்வொரு முறையும் திரையில் அவளுடைய எண்ணிக்கை மட்டும் தனியாக நின்றது. விலை இறங்குவதைப் பார்த்து மற்ற இரண்டொருவரும் பயந்து விற்க வந்தார்கள், பிறகு அவர்களும் காணாமல் போனார்கள். தன்னுடைய அவசரமே விலையைத் தள்ளுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. காத்திருப்பதற்குக் கிடைக்கும் என்று எண்ணிய கூலியை எல்லாம், காத்திருக்க முடியாததற்காகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டில் போட்டுவிட்டு மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. எல்லாம் விற்றுப்போயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, ஒரேயடியாக, ஒரே ஆள் வாங்கியிருந்தார்.

அவள் எழுந்துபோய்ப் பாஸ்கலின் கட்டிலருகே நின்றாள்.

"போயிருச்சுங்க. ஒருத்தரே மொத்தத்தையும் எடுத்துக்கிட்டாரு."

"யாரோ நல்ல மனுசன்," என்றார் பாஸ்கல். மூக்கில் குழாய் இருந்ததால் அவர் குரல் கம்மியது. "நல்லாயிருக்கட்டும்."

கோலாலம்பூரில் ஏதாவது பெரிய நிதி நிறுவனமாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். குளிரூட்டிய அறையில் யாரோ ஒருவன் இதுபோல் இன்னும் நூறு பங்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பாஸ்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான் திமோத்திக்குச் சொன்னாள், அதுவும் சின்ன ஆபரேஷன் என்று. அவன் புனிதாவோடு பப்பாளியும் நாட்டுக்கோழியும் எடுத்துக்கொண்டு வந்தான். பாஸ்கலின் மார்பில் இருந்த கட்டைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"இதுவா சின்ன ஆபரேஷன்?" என்றான்.

"எல்லாம் முடிஞ்சிருச்சுலா, விடு," என்றாள் பெர்னடெட்.

அவன் விட்டுவிட்டான். செலவைப் பற்றிக் கேட்டான், அவள் சமாளித்துவிட்டதாகச் சொன்னாள். அவனுக்கும் சொல்ல ஏதோ இருந்தது போல் தோன்றியது. அவளைப் பார்த்து ஒரு முறை தானாகவே சிரித்துக்கொண்டான், ஆனால் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனான்.

அதற்கு அடுத்த வாரம் சினார் துலாங்கின் தணிக்கையாளர்கள் விலகினார்கள். கணக்கில் காட்டியிருந்த சரக்கில் பெரும்பகுதியைக் கிடங்கில் காணவில்லை என்று செய்தி வந்தது. காலையில் சந்தை திறந்ததும் பங்கு ஒரே நாளில் விழக்கூடிய எல்லை வரை விழுந்தது. அந்த விலையிலும் வாங்க ஒருவர்கூட இல்லை. விற்பவர்கள் மட்டும் வரிசையில் நின்றார்கள். மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

பெர்னடெட் அந்தச் செய்தியைச் சமையலறையில் நின்றபடி படித்தாள். கூடத்தில் பாஸ்கல் மருத்துவர் சொன்னபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகிக்கொண்டிருந்தார். அவளுக்கு உடம்பு முழுவதும் ஒரு லேசான உணர்வு பரவியது. அது சந்தோஷம்தான் என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சுகுமாரன் அவனாகவே கூப்பிட்டான். "உங்களுக்கு நல்ல நேரம்க்கா. தப்பிச்சிட்டீங்க. வாங்கினவன்தான் பாவம்."

"பெரிய கம்பெனியா இருக்கும்," என்றாள். "அவங்களுக்கு இதெல்லாம் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு."

"இருக்கும் இருக்கும்," என்றான் சுகுமாரன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தபோது திமோத்தியும் புனிதாவும் வந்தார்கள். புனிதாவின் கண் வீங்கியிருந்தது. திமோத்தி பாஸ்கலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காயம் ஆறுகிறதா, இரவில் தூக்கம் வருகிறதா என்று விசாரித்தான். கோப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா, நீங்க மனச விட்றாதீங்க," என்றான்.

"எதுக்கு?"

"சினார் துலாங். பார்த்தேன். நாலு வருசமா நீங்க சேத்தது. மச்சானுக்கு வேற இப்படி ஆயிருச்சு. எனக்கு வீட்ல இருக்க முடியல, அதான் வந்தேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் தொடர்ந்தான். "நீங்க தனியா இல்லக்கா. நானும்தான் மாட்டிக்கிட்டேன்."

"நீ அத வாங்கவே இல்லையே."

"வாங்கினேன்லா. மச்சான் ஆபரேஷனுக்கு முந்தின வாரம். எனக்குத்தான் அப்ப மச்சான் கதையே தெரியாதே. வெல எறங்கிக்கிட்டே வந்துச்சு. கம்பெனிக்கு ஒன்னும் ஆகல, அப்புறம் ஏன் எறங்குதுன்னு தினமும் பார்த்தேன். எவனோ ஒருத்தன் அவசரத்துல விக்கிறான்னு தெரிஞ்சுச்சு. நீங்கதானே சொன்னீங்க, பொறுமைக்காரன் எடுத்துக்குவான்னு. அன்னிக்குச் செம்மோர் டவுன்ல லோடு எறக்கிட்டு லோரியிலயே உக்காந்து பார்த்தேன். ஒரே ஆளுதான் நிக்கிறான், எழுபத்திரண்டுல. மொத்தத்தையும் எடுத்துட்டேன்."

பாஸ்கல் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"லோரிக்கு வச்சிருந்த காசுக்கா," என்றாள் புனிதா. "எங்கிட்டகூட சொல்லல."

"ஏறினதும் சொல்லலாம்னு இருந்தேன்," என்றான் திமோத்தி. "அன்னிக்கு இங்க வந்தப்பவே சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நானும் உங்க பங்குல இருக்கேன்னு. சரி, லோரி வாங்கிட்டுச் சொல்லுவோம்னு விட்டுட்டேன்."

பெர்னடெட் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விற்ற அன்று அந்தப் பங்கில் நடந்தது ஒரே ஒரு விற்பனை. இப்போது போய்ச் சொல்லிவிடலாம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். திமோத்தி அங்கிருந்து, "அக்கா அழுவாதீங்கக்கா, காசுதானே," என்றான். அவள் அழவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு அவளால் திரைச்சீலையைத் தாண்ட முடியவில்லை. சோறு பரிமாறினாள். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு பாஸ்கல் சொன்னார். "அப்ப அவன் காசுலதான் எனக்கு ஆபரேஷன் நடந்திருக்கு."

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுதான். இப்பத் தெரிஞ்சிருச்சுலா. சொல்லிரு."

"சொல்றேன்."

அவள் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்றாள், அதற்கடுத்த ஞாயிறு என்றாள். திமோத்தி ஒவ்வொரு வாரமும் வந்தான். முன்னைவிட அன்பாக இருந்தான். சேர்ந்து நட்டப்பட்டவர்கள் என்ற எண்ணத்தில் அவளிடம் மெதுவாகப் பேசினான். நிறுவனம் திரும்ப எழுந்துவிடும் என்று எங்கோ கேட்டதைச் சொல்லித் தேற்றினான். ஒரு வாரம் அவளுக்கென்று அரிசி மூட்டை ஒன்று தூக்கிவந்து இறக்கினான். அவள் அதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், வாங்கவும் முடியாமல் நின்றாள். பாஸ்கல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பிறகு ஒரு ஞாயிறு அவர்கள் வரவில்லை. மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவள் கைப்பேசியை எடுத்தபோது பாஸ்கல், "கூப்பிடாதே," என்றார்.

"ஏன்?"

"நான் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தப்ப. என்னால முடியல பெர்னி. அந்த அரிசியச் சாப்பிட முடியல."

"என்ன சொன்னான்?"

"ஒன்னும் சொல்லல. சரி மச்சான், உடம்பப் பாத்துக்குங்கன்னு வச்சிட்டான்."

அவள் அப்படியே காரை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குப் போனாள். வீட்டில் புனிதா கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. "லோரிக் கொட்டகையில இருக்காரு," என்றாள். பிறகு பெர்னடெட் வண்டியை நோக்கித் திரும்பும்போது பின்னாலிருந்து சொன்னாள். "நீங்க வித்து மூனு வாரத்துல விழுந்துச்சு. மூனே வாரம். நீங்க கணக்குப் படிச்சவங்கக்கா. உங்களுக்குத் தெரியாதுன்னு என்னை நம்பச் சொல்லாதீங்க."

விக்னேஸ்வரனின் கொட்டகையில் ஞாயிறு என்பதால் யாரும் இல்லை. திமோத்தி ஒரு லோரியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, டயரில் சாய்ந்து நின்றான்.

"தெரிஞ்சு வித்தீங்களாக்கா?"

"நீதான் வாங்குறேன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"அதக் கேக்கல. கம்பெனி கத தெரிஞ்சு வித்தீங்களா?"

"இல்ல. மச்சானுக்காகத்தான் வித்தேன். சத்தியமா." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இவ்வளவு மறைத்த பிறகு இன்னொன்றையும் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "கணக்கறிக்கை தாமதமாகும்னு ஒரு செய்தி வந்துச்சு. படிச்சேன். அப்ப எனக்கு ஒன்னும் ஓடல. இருந்த நெலமையில அதப் பத்தி நெனைக்கவே இல்ல."

திமோத்தி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆனா படிச்சீங்க."

"படிச்சேன்."

அவன் குரல் உயரவில்லை. "மச்சானுக்கு முடியலன்னு எங்கிட்ட ஏன் சொல்லல? கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா. இந்த லோரி இல்லாட்டி அடுத்த வருசம் வேற லோரி. அதே காசுதானேக்கா. அதே காசுதான் உங்க கைக்கு வந்திருக்கு."

"கேட்டா நீ குடுப்பேன்னுதான் கேக்கல."

"அது எனக்குப் புரியல," என்றான்.

அவளுக்கும் அந்த நேரத்தில் அது புரியவில்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். மீண்டும் வேலைக்குப் போவதாகச் சொன்னாள்.

"என்னாத்துக்கு?" என்றான் திமோத்தி. "நான் கடன் குடுக்கலையே. நீங்க வித்தீங்க, நான் வாங்கினேன். விக்கிறவங்க மேல என்ன தப்பு இருக்கு? நீங்க சொல்லிக் குடுத்ததுதான்." அவன் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் முடிவுக்கு வந்திருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

"மச்சான் காத்திருப்பாரு, கெளம்புங்க," என்றான். கார் வரை வந்து விட்டான்.

அவனுக்காக வைத்திருந்த லோரியை அந்த வருடக் கடைசியில் பாரிட் புந்தாரிலிருந்து நெல் ஏற்றுகிற ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். பாஸ்கலால் திரும்ப வேன் ஓட்ட முடியவில்லை, அதையும் விற்றார்கள். பெர்னடெட் ஜெலாப்பாங்கில் இரும்புச் சாமான் விற்கும் ஒரு வன்பொருள் கடையில் கணக்கெழுதப் போனாள். கடைக்காரச் சீனர் அவள் வயதைப் பார்த்துத் தயங்கினார், பிறகு பாதி நேர வேலை என்று ஒப்புக்கொண்டார். கைப்பேசியில் இருந்த பங்குச் சந்தைச் செயலியை அவள் அழித்துவிட்டாள். சினார் துலாங் பெயரைச் சந்தையிலிருந்தே நீக்கப்போகிறார்கள் என்பதைக்கூட சுகுமாரன் சொல்லித்தான் கேள்விப்பட்டாள்.

முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் திமோத்தியின் கணக்குக்கு அனுப்பினாள். மாலைக்குள் அது அப்படியே திரும்பி வந்தது, ஒரு வார்த்தையும் இல்லாமல். இரண்டாவது மாதமும் அனுப்பினாள், திரும்பி வந்தது. பெரிய நாள் பண்டிகைக்கு அவன் வந்தான், புனிதா வரவில்லை. பாஸ்கலிடம் உட்கார்ந்து மழையைப் பற்றியும் சாலை வேலையைப் பற்றியும் பேசினான். அவளிடம் மரியாதையாக, "நல்லாயிருக்கீங்களாக்கா," என்று கேட்டான். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டான், இரண்டாவது முறை வைக்கப்போனபோது கையால் தட்டை மூடினான்.

மூன்றாவது மாதம் அனுப்பிய பணம் திரும்பி வரவில்லை. அன்று மாலை வரை பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். ஒரு வாரம் ஆயிற்று. பாஸ்கலிடம் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது. "மனசு எறங்கியிருக்கும்," என்றார். "கூடப் பொறந்தவன்தானே, எவ்வளவு நாளைக்கு?" அந்த ஞாயிறு பூசையில் அவள் நெடுநேரம் முழங்காலில் இருந்தாள். வீட்டுக்கு வந்து துணி துவைத்துக் காயப் போட்டாள். வருகிற வாரம் அவர்களைச் சாப்பிடக் கூப்பிடலாமா என்று பாஸ்கலிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது புனிதா கூப்பிட்டாள்.

"அக்கா, அவரு பேசச் சொன்னாரு," என்றாள். குரலில் பழைய கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "முதுகு புடிச்சுக்கிச்சு. மூனு வாரமா லோரி ஏறல. ஏறாத நாளுக்குச் சம்பளம் இல்ல, தெரியும்லா. அதான் இந்த மாசம் நீங்க அனுப்பினதத் திருப்பி அனுப்ப முடியல. செலவாயிருச்சு. தப்பா நெனைச்சுக்காதீங்க, வேலைக்குப் போனதும் அனுப்பிர்றேன்னு சொல்லச் சொன்னாரு."

"அனுப்ப வேணாம் புனிதா. அது உங்களுக்குத்தான்."

"நான் வச்சுக்குவேன்க்கா. எனக்கு ரோசம் இல்ல. அவருதான்." பிறகு, "வச்சிர்றேன், அவரு கூப்பிடுறாரு," என்றாள்.

பெர்னடெட் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள்.

"யாரு?" என்றார் பாஸ்கல்.

"புனிதா."

"வாராங்களாமா?"

அவள் புனிதா சொன்னதை ஒரு வார்த்தையும் விடாமல் அவரிடம் சொன்னாள். கேட்டு முடித்த பிறகு அவர் மார்பின் மேல் சட்டையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே மலைப் பக்கமிருந்து மழை வந்து கூரையில் பிடித்துக்கொண்டது. கொடியில் துணி நனைந்துகொண்டிருந்தது. எடுப்பதற்கு இருவரும் எழவில்லை.